மேஜர், மைனர், ஒரு சிட்டிகை மருந்து

வடக்கு அரிசோனாவின் மலைப்பகுதியில், ஒரு ஜனவரி மாதக் காலையில், நான் மைனர் ஆனேன்.

தமிழில் மைனர் என்றால் மெல்லிய ஜிப்பாவும் கழுத்துச் சங்கிலியுமாக ஊரைச் சுற்றி வருகிற ஆள். நான் ஆனது அந்த மைனர் இல்லை. கைத்துப்பாக்கி விரைவுப் போட்டிகளில் ஒவ்வொருவருடைய தோட்டாவையும் சோதித்து, மேஜர் அல்லது மைனர் என்று வகைப்படுத்துவார்கள். போட்டியாளரின் பையிலிருந்து எட்டுத் தோட்டாக்களை நடுவர் எடுத்துக்கொள்வார். ஒன்றைப் பிரித்து, உள்ளே இருக்கும் குண்டைத் தராசில் நிறுப்பார். மூன்றை வேகமானி மேல் சுடுவார்கள். குண்டின் எடையை கிரெயின் கணக்கிலும், வேகத்தை நொடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வருவது ‘பவர் ஃபேக்டர்’. அமெரிக்கப் போட்டிகளில் அது 165ஐத் தொட்டால் மேஜர். தொடாவிட்டால் மைனர். 125க்கும் கீழே போனால் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள்.

என்னுடையது 124 கிரெயின் குண்டு. சராசரி வேகம் 1326 அடி. பெருக்கினால் 164.4. இன்னும் 5 அடி வேகம் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

இதனால் என்ன நஷ்டம்? இலக்கின் நடுவே இருக்கும் ஏ பகுதியில் பட்டால் எல்லோருக்கும் 5 புள்ளி. அதைத் தாண்டி சி பகுதியில் பட்டால் மேஜருக்கு 4, மைனருக்கு 3. ஓரத்து டி பகுதிக்கு மேஜருக்கு 2, மைனருக்கு 1. ஓடிக்கொண்டே சுடும் போட்டியில் பாதிக் குண்டுகள் ஓரத்தில்தான் விழும், என் போன்றவர்களுக்கு இன்னும் அதிகமாக. அன்று நான் நாற்பது இடங்கள் கீழே போனேன்.

காரணம் எளியது. அந்தத் தோட்டாக்களை நானே வீட்டில் செய்தேன். ஜூலை மாதம், ஃபீனிக்ஸின் 42 டிகிரி வெயிலில் சோதித்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது. மலையில் அன்று காலை 3 டிகிரி. வெடிமருந்தின் வேகம் வெப்பநிலையோடு மாறும் என்பது புத்தகத்தில் படித்த விஷயம்தான், ஆனால் படித்தது கைக்கு வரவில்லை. வீட்டுக்குக் காரோட்டி வரும் வழியெல்லாம் ஒரே யோசனை: மருந்தைக் கொஞ்சம் கூட்டினால் போதும்.

அந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. பலருடைய கன்னத்திலும் உள்ளங்கையிலும் அது எழுதப்பட்டிருக்கிறது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஊசலும் கோட்டையும்

ஒரு குண்டு எவ்வளவு வேகமாகப் போகிறது என்று முதன்முதலில் உருப்படியாக அளந்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணிதக்காரர். 1742இல் பீரங்கிக் கலை பற்றி அவர் எழுதிய நூலில் அந்த முறையை விளக்கினார். கனமான மரக்கட்டையை ஊசல் போலத் தொங்கவிட வேண்டும். அதில் சுட வேண்டும். கட்டை எவ்வளவு தூரம் பின்னால் போகிறது என்று பார்த்தால் குண்டின் உந்தம் தெரிந்துவிடும். எடை ஏற்கெனவே தெரியும், ஆகவே வேகமும் தெரிந்துவிடும். ஆய்லர் இந்த நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, தன் பங்குக்கு நிறைய சேர்த்தும் எழுதினார்.

ராபின்ஸுக்கு நம்மோடு ஒரு தொடர்பு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி தன் கோட்டைகளைச் சீர்செய்ய அவரைத் தலைமைப் பொறியாளராக அனுப்பியது. 1750இல் வந்தார். மறு வருடமே, கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்தில், செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். கடலூர்க் கடற்கரைக்குப் போகிறவர்கள் அந்தக் கோட்டையின் மிச்சத்தைப் பார்த்திருக்கலாம். உலகத்தில் இன்று நடக்கிற ஒவ்வொரு வேகச் சோதனைக்கும் மூதாதையான மனிதர் அங்கேதான் கண்மூடினார்.

இருநூற்றுச் சொச்சம் வருடங்கள் கழித்து அந்த ஊசல் மறுபடியும் வேலைக்கு வந்தது. இந்த முறை கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஒரு விளையாட்டுக்காக.

ஜெஃப் கூப்பர் கடற்படைக் காலாட்படையில் இருந்தவர். 1950களின் பின்பாதியில், பிக் பேர் என்ற மலையூரில், உறையிலிருந்து உருவிச் சுடும் போட்டிகளை நடத்த ஆரம்பித்தார். அதுவரை கைத்துப்பாக்கிப் போட்டி என்றால் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மற்றொரு கையால் நிதானமாக வட்ட இலக்கில் சுடுவதுதான். கூப்பர் கேட்ட கேள்வி வேறு: உயிருக்கு ஆபத்து வந்தால் இது உதவுமா? எந்த விதியும் போடாமல், யார் வெல்கிறார்கள் என்று பார்ப்போம் என்றார். ஜாக் வீவர் என்ற உதவி ஷெரிஃப் இரண்டு கையாலும் பிடித்துச் சுட்டு எல்லோரையும் வென்றார். இன்று சினிமாவில் போலீஸ்காரர்கள் இரண்டு கையால் பிடிப்பதெல்லாம் இந்தக் காலத்தில் வேர்விட்ட பழக்கம்.

1976 மே மாதம், மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் பல நாட்டுக்காரர்கள் கூடி ஐ.பி.எஸ்.சி. என்ற சர்வதேசக் கூட்டமைப்பை உருவாக்கினார்கள். கூப்பர் முதல் தலைவர். அதன் முழக்கம் மூன்று லத்தீன் சொற்கள். பொருள்: துல்லியம், வலு, வேகம்.

இதில் ‘வலு’தான் வம்பு. துல்லியத்தை அட்டையில் அளக்கலாம், வேகத்தைக் கடிகாரத்தில் அளக்கலாம். வலுவை எப்படி அளப்பது? கூப்பருக்கு .45 துப்பாக்கிமேல் அசைக்க முடியாத நம்பிக்கை. பெரிய குண்டு, மிதமான வேகம், பலமான உதை. அதைச் சுடுபவன் சிரமப்படுகிறான். சின்னத் தோட்டாவை வைத்துக்கொண்டு ஒருவன் உதையே இல்லாமல் சுட்டு அவனை வென்றுவிட்டால் அது நியாயமில்லை. ஆகவே வலுவான தோட்டாவுக்குக் கூடுதல் புள்ளி. ஆரம்பத்தில் ஊசலை வைத்து அளந்தார்கள். பிறகு மின்னணு வேகமானிகள் மலிவானதும் பெருக்கல் கணக்கு வந்தது. 1980களில் மேஜருக்கான எண் 175.

ராணுவ .45 தோட்டாவில் 230 கிரெயின் குண்டு சுமார் 830 அடி வேகத்தில் போகும். பெருக்கினால் 190. கடையில் வாங்கியதே தாராளமாகத் தேறும். .45ஐக் காப்பாற்றத்தான் அந்த வேலி போடப்பட்டது.

அந்த வேலிதான் பின்னால் .45ஐ அந்த மேடையிலிருந்து தள்ளியது.

பாக்குவெட்டியும் பித்தளைக் கூடும்

அதற்குமுன், தோட்டாவை வீட்டில் செய்வது எப்படிச் சாத்தியம் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு பொருள்கள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் பொறி தரும் சின்ன பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டு முடித்தபின் மூன்று போய்விடும், கூடு மட்டும் மிஞ்சும். அதுதான் விலை அதிகம். அதை எறிய மனசு வராதவர்கள் கண்டுபிடித்ததுதான் இந்தக் கலை.

இதில் ஒரு வேடிக்கை. 1860களில் இரண்டு பேர் இரண்டு வகை பிரைமர்களை உருவாக்கினார்கள். அமெரிக்கர் ஹைரம் பெர்டானின் முறையில் கூட்டின் அடியில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், பழைய பிரைமரைத் தள்ளி வெளியேற்றுவது பெரும்பாடு. ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸரின் முறையில் நடுவில் ஒரே துளை, ஒரு ஊசியால் தள்ளினால் பழையது கீழே விழும். அமெரிக்கருடையதை ஐரோப்பா எடுத்துக்கொண்டது, ஆங்கிலேயருடையதை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. வீட்டில் தோட்டா செய்யும் பழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

1884இல் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் கைக்கருவிகள் விற்க ஆரம்பித்தார். பார்க்க நம் ஊர்ப் பாக்குவெட்டி போலவே இருக்கும். அதே வருடம் பிரான்ஸில் போல் வியே புகையில்லா மருந்தைச் செய்தார். அதுவரை இருந்த கரிமருந்து பெரிதாகப் புகைக்கும், ஆனால் கைப்பிசகுகளை ஓரளவு மன்னிக்கும். புதியது புகைக்காது, மன்னிக்கவும் செய்யாது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவத்தின் உபரி மருந்தை புரூஸ் ஹாட்ஜ்டன் என்பவர் வாங்கிச் சில்லறையில் விற்றார். போரிலிருந்து திரும்பியவர்கள் கார் ஷெட்டில் ஒரு மேஜையைப் போட்டு உட்கார்ந்தார்கள். பிறகு அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேலில் மைக் டில்லன் செய்த இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு முறை கைப்பிடியை இழுக்கும்போதும் முழுத் தோட்டா ஒன்று வந்து விழும். ஒரு மணி நேரத்தில் பல நூறு. வாரத்துக்கு ஆயிரம் சுட்டுப் பழகுகிறவனுக்கு அது வரப்பிரசாதம்.

மருந்தின் எடையும் குண்டின் எடையும் கிரெயினில்தான். ஒரு தானியத்தின் எடை என்று பொருள், ஒரு கிராமில் பதினைந்து கிரெயினுக்கு மேல். நம் நகை ஆசாரிகள் குன்றிமணி வைத்து நிறுத்தார்களே, அதில் ஒன்று கிட்டத்தட்ட 2 கிரெயின். ஒரு .45 தோட்டாவுக்குள் போகும் மருந்து இரண்டு மூன்று குன்றிமணி எடைதான். தராசில் பத்தில் ஒரு கிரெயின் வரை பார்த்துத்தான் போடுகிறோம்.

வாயுவைப் பிடித்தவர்கள்

1970களின் பின்பாதியில் மிச்சிகனில் இன்னொரு விளையாட்டு வளர்ந்துகொண்டிருந்தது. குண்டு துளைக்காத உடுப்பு செய்யும் ரிச்சர்ட் டேவிஸ் நடத்தியது. மேஜைமேல் பவுலிங் கட்டைகள் நிற்கும், அவற்றைச் சுட்டு மேஜையை விட்டே தள்ள வேண்டும். கட்டை கனமானது, சும்மா பட்டால் சாயும், விழாது. ஆகவே பலமான தோட்டா வேண்டும். பலமான தோட்டா உதைக்கும். உதைத்தால் அடுத்த கட்டைக்கு நேரமாகும். இங்கேதான் லூசியானாவின் ஜிம் கிளார்க் போன்ற துப்பாக்கி ஆசாரிகள் குழலின் முனையில் கனமும், மேல்நோக்கிய வாயுத் துளைகளும் சேர்க்க ஆரம்பித்தார்கள். அதுதான் காம்பன்சேட்டர்.

வேலை செய்யும் விதம் சுலபம். குண்டு வெளியேறும்போது அதன் பின்னால் அழுத்தத்தோடு வாயு வருகிறது. அதை மேல்பக்கம் திருப்பிவிட்டால் முனை கீழே அழுத்தப்படும். தோட்டக் குழாயைத் திறந்து கையில் பிடித்தால் நீர் போகும் திசைக்கு எதிராகக் குழாய் தள்ளுமே, அதேதான்.

.45இல் அது ஓரளவுக்குத்தான் வேலை செய்தது. ஏனென்றால் அது குறைந்த அழுத்தத் தோட்டா. அதன் உச்ச வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. குழல் முனைக்கு வருவதற்குள் வாயுவில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இந்த இடத்தில்தான் ராப் லேத்தம், பிரையன் ஈனோஸ் என்ற இரண்டு அரிசோனாக்காரர்கள் வருகிறார்கள். இருவரும் நண்பர்கள், சேர்ந்தே பழகியவர்கள். லேத்தம் 1983, 1986, 1988 என்று தொடர்ந்து மூன்று உலகப் போட்டிகளை வென்றவர். 1980களின் நடுவில் இவர்களும் இவர்களைச் சுற்றியிருந்தவர்களும் ஒரு பழைய தோட்டாவைத் தூசி தட்டி எடுத்தார்கள். .38 சூப்பர். 1929இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்டது. அழுத்த வரம்பு 36,500.

பவர் ஃபேக்டர் சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருந்தது. எடையும் வேகமும் பெருக்கப்படுகின்றன, ஆனால் எது அதிகம் என்று கேட்கப்படவில்லை. 230 கிரெயினை 761 அடி வேகத்தில் அனுப்பினாலும் 175, 125 கிரெயினை 1400 அடியில் அனுப்பினாலும் 175. குண்டின் உந்தம் இரண்டிலும் ஒன்றே. ஆனால் சின்னக் குண்டை அந்த வேகத்துக்குத் தள்ள கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மருந்து வேண்டும். இரண்டு மடங்கு மருந்து என்றால் இரண்டு மடங்கு வாயு. காம்பன்சேட்டர் இல்லாவிட்டால் அந்த வாயுவும் சேர்ந்து உதைக்கும். காம்பன்சேட்டர் இருந்தால் அதே வாயு உங்களுக்காக வேலை செய்யும். உதையை உண்டாக்குவதையே உதைக்கு எதிராகத் திருப்பிவிட்டார்கள்.

மருந்தின் தேர்வும் மாறியது. வேகமாக எரியும் மருந்து ஆரம்பத்திலேயே அழுத்தத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டு அடங்கிவிடும். மெதுவாக எரிவது அழுத்தத்தைக் குழல் நெடுக இழுத்துக்கொண்டு போகும், முனையிலும் மிச்சம் வைக்கும். ஆகவே மெது மருந்து, நிறைய மருந்து, சின்னக் குண்டு. இந்த மூன்றும் சேர்ந்தபோது துப்பாக்கியின் முனை எழும்பவே இல்லை. போதாததற்கு மெலிந்த தோட்டா என்பதால் மேகசினில் அதிகம் கொள்ளும்.

கடையில் கிடைத்த .38 சூப்பர் எதுவும் 175ஐத் தொடவில்லை. 130 கிரெயின் குண்டு, 1200 சொச்சம் அடி வேகம், கணக்குப் போட்டால் 160 பக்கம் நிற்கும். ஆகவே மேஜர் வேண்டுமென்றால் ஒரே வழி, வீட்டு மேஜை.

அளக்க முடிந்ததும் முடியாததும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1980களில் ஒரு ஆள் தன் சம்பளத்தில் வாங்கக்கூடிய விலைக்கு வேகமானி வந்துவிட்டது. டெக்ஸாஸின் ஆஸ்டின் நகரில் கென் ஓலர் செய்த கருவிகள் மைதானம் மைதானமாகப் போயின. இரண்டு ஒளி உணரிகளுக்கு மேலாகச் சுட்டால் வேகம் எண்ணாக வந்துவிடும். ஆனால் அறைக்குள் இருக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி? அது தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில்தான். குழலில் துளை போட்டு, செப்பு உருளையை வைத்து அது எவ்வளவு நசுங்குகிறது என்று பார்ப்பது பழைய முறை, அழுத்த மின்படிகம் வைப்பது புதிய முறை. கார் ஷெட்டில் இரண்டும் இல்லை.

அதாவது, தோட்டா செய்பவனிடம் பலனை அளக்கக் கருவி இருந்தது. அதற்குக் கொடுக்கிற விலையை அளக்கக் கருவி இல்லை. 1390, 1400, 1410 என்று வேகம் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். உள்ளே அழுத்தம் எங்கே போகிறது என்பது தெரியாது. வேகம் நிதானமாக ஏறும்போது அழுத்தம் தாவி ஏறும். குண்டு ஒரு நூல் உள்ளே தள்ளி உட்கார்ந்தாலே போதும். பிரைமர் தட்டையாகிறதா என்று பார்த்து அழுத்தத்தை ஊகிக்கலாம் என்பார்கள். கைத்துப்பாக்கியில் அந்த அடையாளம் தெரிவதற்குள் எல்லையைத் தாண்டியிருப்பீர்கள்.

அச்சான கையேடுகளில் இந்த அளவுகள் இல்லை. ஒருவர் சொல்லி இன்னொருவர் என்று காதோடு காதாகப் போயின. நானும் இந்தக் கட்டுரையில் ஒரு மருந்தளவைக்கூடத் தரவில்லை, வேண்டுமென்றுதான்.

அந்தக் காலத்து .45 உடம்பில்தான் .38 சூப்பர் குழலையும் மாட்டினார்கள். தோட்டா மேகசினிலிருந்து ஏறி வர ஒரு சரிவு வேண்டும். அந்தச் சரிவுக்காக அறையின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் உலோகம் வெட்டப்பட்டிருக்கும். அந்த இடத்தில் பித்தளைக் கூட்டுக்குக் கீழே எந்த ஆதரவும் கிடையாது. 21,000க்கு அது தாங்கும். மேஜர் ஆசையில் ஏற்றிய மருந்துக்குத் தாங்காது. கூடு அந்த இடத்தில் கிழியும், வாயு மேகசின் வழியாகக் கீழே பாயும், மேகசின் தெறித்து விழும், பிடிப்பலகை உடையும், பித்தளைத் துணுக்குகள் முகத்தில் ஏறும். அடிக்கடி நடந்ததால் இதற்குச் செல்லப்பெயரே வந்துவிட்டது: ‘சூப்பர் ஃபேஸ்’.

பெயர் வைத்துச் சிரிக்கிற அளவுக்கு ஒரு விபத்து சகஜமாகிவிட்டால் அது கவலைப்பட வேண்டிய விஷயம். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்தியவன் தோற்றான்.

சட்டம் போட்ட முட்டை

அதே காலத்தில் வேறு நாடுகளிலும் தோட்டாக்கள் விசித்திரமான காரணங்களுக்காகப் பிறந்துகொண்டிருந்தன. இத்தாலியில் ராணுவத் தோட்டாவான 9×19ஐப் பொதுமக்கள் வைத்திருக்க அப்போது தடை இருந்தது. சரி என்று கூட்டை 2 மில்லிமீட்டர் நீட்டி 9×21 என்றார்கள். அது ராணுவத் தோட்டா இல்லை, ஆகவே தடையில்லை. மெக்ஸிகோவில் .45க்குத் தடை, அதனால் அங்கே .38 சூப்பருக்கு மவுசு. இந்தியாவில் 9 மி.மீ. தடை செய்யப்பட்ட ரகம், அதனால் நம் ஊரில் உரிமம் வாங்குகிறவர் கையில் .32 வந்து சேர்ந்தது.

போட்டி விதியும் இப்படி ஒரு சட்டம்தான். கூப்பர் ‘வலு’ என்று மனதில் நினைத்தது ஒன்று, தாளில் எழுத முடிந்தது ஒரு பெருக்கல். மனிதர்கள் மனதுக்குக் கட்டுப்படவில்லை, பெருக்கலுக்குக் கட்டுப்பட்டார்கள். 1990இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்த உலகப் போட்டியை டக் கோனிக் வென்றார். துப்பாக்கிமேல் செம்புள்ளி தெரியும் ஒளிக்கண்ணாடியோடு உலகப் போட்டியை வென்ற முதல் ஆள். முனையில் காம்பன்சேட்டர், மேலே கண்ணாடி, கீழே நீண்ட மேகசின். இடுப்பில் மறைத்து வைத்துக்கொண்டு தெருவில் நடக்கக்கூடிய பொருளே இல்லை அது. உயிர் காக்கும் கருவியை வளர்க்கத் தொடங்கிய விளையாட்டு, பந்தயக் கார் போன்ற ஒன்றில் வந்து முடிந்தது. கூப்பர் இதைக் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. 2006இல் இறக்கும்வரை எழுத்தில் சாடிக்கொண்டே இருந்தார்.

அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணை வைத்தவரும் அவர் ஆட்கள்தான்.

என் வாளி

ஜனவரித் தோல்விக்குப் பிறகு நான் மருந்தைக் கூட்டினேன். என் துப்பாக்கி 9×19, சூப்பர் இல்லை. கூடு 3 மில்லிமீட்டருக்கு மேல் குட்டை. உள்ளே இடம் குறைவு. ஆனால் கூடுகள் மைதானத்தில் இலவசமாகப் பொறுக்கக் கிடைக்கும், சூப்பர் கூடு வாங்கிக் கட்டாது. இன்று பலரும் இதைத்தான் செய்கிறார்கள், ‘9 மேஜர்’ என்று பெயர். என் குழலில் அறை முழுக்க ஆதரவு உண்டு, பழைய துப்பாக்கிகள் போல வெட்டு கிடையாது. ஆகவே பயமில்லை என்று நினைத்தேன். 600 தோட்டாக்கள் செய்தேன். வேகமானியில் 172. திருப்தி.

எங்கள் மைதானத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர் உண்டு. விமானம் பழுதுபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு இயந்திரத்தை இயக்கக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு சனிக்கிழமை, நான் சுட்ட கூடுகள் கிடந்த வாளியிலிருந்து நாலைந்தை எடுத்து உருட்டிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு குச்சியை எடுத்துப் பழைய பிரைமரைத் தள்ளினார். உடனே வந்துவிட்டது. அப்படி வரக் கூடாது.

அவர் பேசியது ஆங்கிலம்தான். என் காதில் விழுந்தது இப்படி:

“எவ்வளவு ஏத்தின?”

“கொஞ்சம்தான்.”

“கொஞ்சம்னா?”

சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கண்ணாடியைக் கழற்றி, இடது கன்னத்தைக் காட்டினார். தாடையெலும்புக்கு மேலே நகம் அளவுக்கு ஒரு தழும்பு. தாடி மறைத்திருந்ததால் இத்தனை நாள் நான் பார்த்ததில்லை.

“எண்பத்தாறு. நானும் கொஞ்சம்தான் ஏத்தினேன். கண்ணாடி போட்டிருந்தேன், அதனால இன்னிக்கு உன்னப் பாக்க முடியுது.”

பிறகு பொறுமையாக விளக்கினார். ஆதரவுள்ள அறையில் கூடு கிழியாது, ஆனால் அழுத்தம் எங்கேயும் போய்விடுவதில்லை. அது பிரைமர் உட்காரும் குழியை அகலப்படுத்துகிறது. இதே கூட்டை இன்னும் இரண்டு முறை நிரப்பினால் பிரைமர் தானாகக் கழன்று விழும், அல்லது வாயு அந்த வழியாகப் பின்னால் வரும். “உன் வேகமானி உனக்கு நல்ல சேதி மட்டும்தான் சொல்லும். கெட்ட சேதி வேணும்னா வாளியப் பாரு.”

அவர் காலத்து ஆட்களின் காயங்களுக்குப் பிறகுதான் மாற்றங்கள் வந்தன. அறையை முழுக்கத் தாங்கும், சரிவோடு சேர்ந்த குழல்கள் வந்தன. அடிப்பக்கம் தடித்த கூடுகள் வந்தன. இரட்டை வரிசை மேகசின் உடம்புகள் வந்தன. கடைசியாக, எல்லாவற்றையும்விட எளிதான மாற்றம்: 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் எண்ணைக் குறைத்தார்கள். 175 போய் 165 ஆனது. 125 கிரெயின் குண்டுக்குத் தேவையான வேகம் 1400இலிருந்து 1320ஆக இறங்கியது. ஐ.பி.எஸ்.சி.யின் ஓப்பன் பிரிவில் இப்போது 160தான். பல வருடம் உலோகத்தை வளர்த்துத் தீராத பிரச்சினையின் பெரும்பகுதியை ஒரு தாளில் எண்ணை மாற்றித் தீர்த்தார்கள். ஏன் முதலிலேயே செய்யவில்லை என்று அவரிடம் கேட்டேன்.

“மேஜர்னா மேஜர்னு நெனச்சோம். எண்ணுன்னு நெனைக்கல.”

அருவங்காடு

என் பெரியப்பா நீலகிரியில், அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெள்ளைக்காரன் 1900களின் தொடக்கத்தில் கட்டிய தொழிற்சாலை. பஞ்சிலிருந்து செய்த வெடிமருந்தையும் நைட்ரோகிளிசரினையும் அசிடோனில் குழைத்து, கொஞ்சம் வாசலினும் சேர்த்து, இடியாப்பம் போல நூல் நூலாகப் பிழிவதுதான் கார்டைட். கயிறு போல இருப்பதால் அந்தப் பெயர். நான் தராசில் நிறுக்கும் மருந்தும் அதே குடும்பம்தான். சின்ன வயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போவோம். வீட்டில் எப்போதும் தீப்பெட்டி சமையலறையில்தான் இருக்கும். அவர் சட்டைப் பையில் நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்று இருபது வருடம் ஆன பிறகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் ஃபோனில் நடந்ததைச் சொன்னேன்.

“ஏன்டா, மருந்த வீட்டுக்குள்ளயா வெச்சிருக்க?”

“ஷெட்லதான் பெரியப்பா. கொஞ்சம்தான்.”

“நாங்க முப்பது வருஷம் வேல பாத்தோம். ஒருத்தனும் அங்க கொஞ்சம்னு சொல்ல மாட்டான். சொன்னா அடுத்த நிமிஷம் வெளிய அனுப்பிடுவாங்க. எடைய சொல்லுவோம்.”

ஒரே நாள் இடைவெளியில், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கிழவர்கள், ஒரே சொல்லில் வந்து என்னைப் பிடித்தார்கள்.

மிச்சமிருந்த 412 தோட்டாக்களைப் பிரித்தேன். அதற்கென்று சுத்தியல் போன்ற ஒரு கருவி உண்டு. தோட்டாவை உள்ளே வைத்துத் தரையில் ஓங்கித் தட்டினால் குண்டும் மருந்தும் கழன்று விழும். மூன்று இரவுகள் ஷெட்டில் தட்டிக்கொண்டிருந்தேன். எட்டு மணிக்குமேல் தட்டாதே என்று வீட்டில் உத்தரவு. குண்டுகளை வைத்துக்கொண்டேன். வாளியில் இருந்த கூடுகளைப் பழைய பித்தளைக்காரரிடம் போட்டேன். மருந்தை எலுமிச்சை மரத்தடியில் மெல்லியதாகத் தூவித் தண்ணீர் விட்டேன். அதில் நைட்ரஜன் இருக்கிறது, உரமாகட்டும்.

பிறகு இன்னும் மெதுவாக எரியும் மருந்து ஒன்றுக்கு மாறினேன். உற்பத்தியாளர் சோதனைக்கூடத்தில் அழுத்தம் அளந்து அச்சிட்ட அட்டவணைக்குள்ளேயே இருந்துகொண்டேன். அந்த மருந்து கூட்டை நிறைத்துவிடும், தவறி இரண்டு முறை விழுந்தால் வெளியே வழிந்து கண்ணில் படும். விடிகாலை 5 டிகிரியில் ஒரு முறை, மதியம் ஒரு முறை என்று இரண்டு வேளையும் சோதித்தேன். நோட்டில் இப்போது மூன்று பத்திகள் இருக்கின்றன: வேகம், வெப்பநிலை, பிரைமர் குழி. மூன்றாவதில் எண் கிடையாது. விரலுக்கு இறுக்கமாக இருந்ததா இல்லையா என்று மட்டும் எழுதுகிறேன்.

மார்ச் மாதப் போட்டியில் நடுவர் மூன்று சுட்டுவிட்டுக் கணக்குப் போட்டார். 167.9. “மேஜர்” என்று எழுதி, அடுத்தவருடைய பையை வாங்கினார்.